கரி லாரியில் குடித்தனம்

சிரம்பான்
9-5-1943

அன்புள்ள அண்ணிக்குப் பஞ்சாலை எழுதுவது.

நானும் என் வீட்டுக்காரரும் சுகம். நீங்கள் முதலில் கேட்க நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் சுகம். எங்களோடுதான் இருக்கிறார்.

அன்று மாலை மரவள்ளி ஏற்ற நாங்கள் உங்கள் கோலா பிலா ரப்பர் தோட்டத்துக்கு வந்தபோதே விஷயம் காதில் விழுந்துவிட்டது. சயாம் ரயில் பாதைக்குப் போகிறவர்கள் என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது கங்காணி வாசித்த பெயர்களில் அண்ணன் பெயரும் இருந்ததாம். நீங்கள் காவலுக்கு நின்ற மண்டோரிடம் பேச்சுக் கொடுத்து அவரை அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினீர்களே, அந்த நேரத்தில்தான் அண்ணன் லாரியில் ஏறிக்கொண்டார். கோலா பிலா கண்ணுக்கு மறைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இந்த லாரியை நீங்கள் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறீர்கள். பெட்ரோல் கிடைக்காததால் பின்புறம் ஒரு பெரிய இரும்பு உருளையை மாட்டி, அதில் கரி எரித்து, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். உருளைக்குக் கரி போட ஆள் வேண்டும் என்று கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் என்னையும் கூட வைத்துக்கொண்டார். டிரைவர் லாரியை விட்டுவிட்டு வேறு எங்கும் படுக்கக் கூடாது என்பது சப்பான்காரன் உத்தரவு. ஆகவே பாதித் தட்டில் சுமை, மீதித் தட்டில் அத்தாப்பு ஓலைக் கூரை, பாய், சட்டி பானை. சிரம்பானுக்கும் கோலா கிளாவாங்குக்கும் நடுவே புக்கிட் தங்கா மலையில் ஏறுவதும் இறங்குவதுமாக எங்கள் குடித்தனம் நடக்கிறது.

கரி மூட்டைகளுக்குப் பின்னால் பலகை அடித்து ஒரு பெட்டி செய்திருக்கிறோம். அண்ணன் அதற்குள் இருக்கிறார். காலை நீட்ட முடியாது. மலைமேல் ஆள் நடமாட்டம் இல்லாத இடம் பார்த்துக் கொஞ்ச நேரம் இறக்கிவிடுகிறோம்.

உப்புக்கார விசுவநாதன் கையில் இதைக் கொடுக்கிறேன். நம்பலாம். அவர் வராத மாதங்களில் தபாலில்தான் எழுத வேண்டும். தபாலைப் பிரித்துப் படிக்க ஆள் வைத்திருக்கிறார்கள். அதனால் தபாலில் எழுதும்போது அண்ணனை 'அம்மி' என்று எழுதுவேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

உங்கள் தம்பி திருநாவுக்கரசு இப்போதும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சிரிப்புச் சிரிக்கிறானா? அவனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மாரியம்மன் உங்கள் வாசலிலேயே நிற்கட்டும்.

பஞ்சாலை

*

கோலா பிலா, மேல் டிவிஷன்
23-5-1943

அன்புள்ள பஞ்சாலைக்கு அண்ணி செல்லம்மாவின் ஆசிகள்.

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அடுப்பங்கரையில் வைத்து தம்பி அரசு எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினான். நானே படிப்பேன், ஆனால் அன்று கண்ணில் எழுத்து நிற்கவில்லை. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிட்டோம்.

கங்காணி வந்தார். "எங்கம்மா உன் புருஷன்?" என்றார். "எனக்கென்னங்க தெரியும், பாகாவ் பக்கம் ஓடிட்டாருன்னு சொல்றாங்க. என்னையும் விட்டுட்டுத்தானே ஓடினாரு" என்று மூக்கைச் சிந்தினேன். அரசு உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தானாம். இந்தக் காலத்திலும் அவனுக்குச் சிரிப்பு.

ஒன்று சொல்கிறேன், மறக்காதே. உன் அண்ணன் மல்லாந்து படுத்தால் குறட்டை விடுவார். ஒருக்களித்துப் படுக்கச் சொல். கரித்தூள் நெஞ்சில் இறங்காமல் ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொல். மலையில் குளிருமே, போர்த்த ஏதாவது இருக்கிறதா? அவருடைய கைலிச் சாரத்தை விசுவநாதன் கையில் கொடுத்திருக்கிறேன்.

இங்கே பாஸ் இல்லாமல் தோட்டத்துக் கேட்டைத் தாண்டக் கூடாது. அதனால் நான் வந்து பார்ப்பது நடக்காது. உன் வீட்டுக்காரர் இராஜமாணிக்கத்துக்கு இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. நீங்கள் மூவரும் பத்திரமாக இருந்தால் அதுவே எனக்குச் சோறு.

செல்லம்மா

*

கோலா கிளாவாங்
30-6-1943

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நாங்கள் நலம். தபாலில் எழுதுகிறேன். உங்கள் அம்மி பத்திரமாக இருக்கிறது. போன வாரம் மலையேறும்போது பெல்ட் அறுந்து லாரி நின்றுவிட்டது. நல்ல மழை. சப்பான் எஜமான்கள் அந்த வழியாக வந்து உதவினார்கள். அம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை. அரசு எப்படி இருக்கிறான்? உடனே பதில் எழுதுங்கள்.

பஞ்சாலை

*

கோலா பிலா
26-7-1943

பஞ்சாலைக்கு ஆசி.

எல்லாரும் சுகம். அம்மி அங்கேயே இருக்கட்டும். இங்கே அனுப்ப வேண்டாம். எனக்கு இப்போது அரைக்க ஒன்றும் இல்லை.

செல்லம்மா

*

சிரம்பான்
17-8-1943

அன்புள்ள அண்ணிக்குப் பஞ்சாலையின் வணக்கங்கள்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? உங்கள் கடிதம் தந்திபோல் இருந்தது. இப்போது விசுவநாதன் வந்திருப்பதால் நடந்ததை முழுவதும் எழுதுகிறேன்.

அன்று சுமை உப்பும் அரிசியும். மழையில் கரி நனைந்து உருளையில் சூடு ஏறவில்லை. கரி லாரிக்கு மலை என்றாலே உயிர் போகும். பாதி மலையில், ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் பள்ளமுமாக உள்ள வளைவில், பெல்ட் அறுந்தது. என் வீட்டுக்காரர் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, மாட்டுத்தோலையும் ரப்பர் ஷீட்டையும் கீறி முறுக்கி ஒரு பெல்ட் பின்னத் தொடங்கினார். அதற்குள் பட்டாள லாரி ஒன்று பின்னால் வந்து நின்றது. நாங்கள் நகராமல் அவர்களுக்கு வழி இல்லை.

சிப்பாய்கள் மழைக்கு ஒதுங்கி எங்கள் அத்தாப்புக் கூரைக்குள் ஏறிவிட்டார்கள். ஒருவன் கரி மூட்டைமேல் உட்கார்ந்து சுருட்டுப் பற்றவைத்தான். அவன் உட்கார்ந்த மூட்டைக்கு அந்தப் பக்கம்தான் அண்ணன். மூட்டை அழுந்தியதும் தூள் பறந்தது. உள்ளே இருமல் கிளம்பும் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு திணறுகிறார். இன்னும் ஒரு நொடியில் வெடித்துவிடும்.

எனக்கு எங்கிருந்துதான் அந்தப் புத்தி வந்ததோ, நானே இருமத் தொடங்கினேன். தொண்டை கிழிய இருமினேன். குனிந்து, நெஞ்சைப் பிடித்து, கண்ணில் நீர் வர இருமினேன். என் இருமலுக்குள் அண்ணனும் இருமித் தீர்த்துக்கொண்டார். சிப்பாய் எழுந்து, "பியோக்கி! பியோக்கி!" என்று கத்தினான். நோய் என்று அர்த்தமாம். காசநோய்க்காரி என்று நினைத்து எல்லாரும் மழையிலேயே குதித்து இறங்கிவிட்டார்கள். பிறகு என் பக்கமே வராமல் லாரியை மட்டும் தள்ளிவிட்டுப் போனார்கள்.

உச்சிக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது அண்ணன் அழுதுகொண்டிருந்தார். "பஞ்சால, இதுக்குள்ள கெடந்து சாவுறதுக்கு சயாமே மேல்லா. நான் வீட்டுக்குப் போறேன். பிடிச்சா பிடிக்கட்டும்" என்றார். என் வீட்டுக்காரர், "மச்சான், நீங்க போனா எங்க ரெண்டு பேர் தலையும் போகும்" என்று சொல்லித்தான் அடக்கினார். ஆனால் எத்தனை நாள் அடங்குவார் என்று தெரியவில்லை.

அரசைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவனையே இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

பஞ்சாலை

*

கோலா பிலா
12-9-1943

அன்புள்ள பஞ்சாலைக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீ இருமியதைப் படித்து நெஞ்சு பதறியது.

அரசுக்கு வேறு டிவிஷனில் மரம் வெட்டும் வேலை. அங்கேயே தங்கிக்கொள்கிறான். எழுத நேரம் இருக்காது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி போடச் சொல்கிறார்கள். நான் பால் வெட்டிய நிரையில் இப்போது வேரைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன். கட்டத் துணி இல்லாமல் பக்கத்து வீட்டு மாரியம்மா கோணியைத் தைத்துக் கட்டிக்கொண்டாள். நானும் ஒன்று தைத்திருக்கிறேன்.

உன் அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். அவர் இங்கே வரக் கூடாது. எந்தக் காரணத்துக்கும் வரக் கூடாது. மீறி வந்தால் என் முகத்தில் விழிக்க வேண்டாம். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லாதே. அவர் அந்தப் பெட்டிக்குள் உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் வீணாகப் போய்விடும்.

மலை வழியில் பார்த்துப் போங்கள்.

செல்லம்மா

*

கோலா கிளாவாங்
19-12-1943

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். நடுவில் எழுத முடியவில்லை. லாரி பழுதாகி இங்கேயே கொஞ்ச நாள் நிற்கிறது. அம்மியில் ஒரு மூலை உடைந்துவிட்டது. ஆனாலும் அம்மி இருக்கிறது. நீங்கள் கவலைப்படாதீர்கள்.

பஞ்சாலை

*

கோலா பிலா
8-2-1944

பஞ்சாலை,

சுகம் கேட்கப் பொறுமை இல்லை. மூலை என்றால் என்ன? காலா, கையா, கண்ணா? தபால் வந்த நாளிலிருந்து விசுவநாதனுக்காகக் காத்திருந்தேன். இன்றுதான் வந்தார். எனக்கு உள்ளதை உள்ளபடி எழுது.

நானும் உனக்கு ஒன்று சொல்லவில்லை. அரசு மரம் வெட்டப் போகவில்லை. சயாமுக்குப் போய்விட்டான்.

போன ஜூன் மாதம், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம், கங்காணி இரண்டு சப்பான்காரர்களோடு வந்து நின்றார். நான் அழுததும் மூக்கைச் சிந்தியதும் அன்று செல்லவில்லை. "செல்லம்மா, கணக்குக்கு ஆள் குறையுது. உன் புருஷன் மணியம் இருக்கிற எடத்தச் சொல்லு. இல்லாட்டி வீட்டுக்கு ஒரு ஆம்பள வேணும்லா" என்றார். அன்று காலையில்தான் உங்கள் லாரி கோலா பிலா பசார்க் கடைத்தெருவுக்கு வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கே போய்ப் பிடித்திருப்பார்கள்.

அரசு வெளியே வந்தான். எனக்கு முன்னால் வந்து, என்னை மறைத்துக்கொண்டு நின்றான். "அக்கா, நீ ஒண்ணும் பேசாத" என்றான். பிறகு கங்காணியிடம், "நான் வரேங்க. மூணு மாசந்தானே? சோறு போடுவாங்கல்ல?" என்று கேட்டுச் சிரித்தான். சப்பான்காரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பேசவில்லை, பஞ்சாலை. தாய் தகப்பன் போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. அவன் அவர்கள் லாரியில் ஏறும்வரை எனக்கு வாய் இருந்தது. புருஷனா தம்பியா என்று என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் நான் பதில் சொல்லிவிட்டேன். மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஒரு தகவலும் இல்லை.

உன் அண்ணனுக்கு இது தெரியக் கூடாது. தெரிந்தால் மலையிலிருந்து நடந்தே வந்து கங்காணி முன்னால் நிற்பார். அதனால் அரசைத் திருப்பி அனுப்பிவிடப் போகிறார்களா? இரண்டு பேரையும் கொண்டுபோவார்கள்.

படித்ததும் எரித்துவிடு.

செல்லம்மா

*

சிரம்பான்
5-3-1944

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைக் கரி உருளைக்குள் போட்டேன். அன்று முழுவதும் அந்தக் கடிதத்தில்தான் லாரி ஓடியது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அரசு எங்கே இருந்தாலும் நலமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு எழுதத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: கை. வலது கையில் கட்டை விரலைத் தவிர மற்ற விரல்கள் போய்விட்டன.

நவம்பரில் நடந்தது. அன்று எங்களோடு ஒரு சப்பான்கார மேற்பார்வையாளன் முன் இருக்கையில் வந்தான். செங்குத்தான வளைவில் உருளையில் காற்றுப் போதாமல் எஞ்சின் திணறி நின்றது. என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்தார். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காயெண்ணெயில்தான் காலம் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது கைவிட்டது. லாரி பின்னால் உருளத் தொடங்கியது. "கட்ட போடு! பஞ்சால, கட்ட போடு!" என்று அவர் கத்துகிறார். நான் உருளைப் பக்கம் தொங்கிக்கொண்டு நிற்கிறேன். கட்டை அந்தப் பக்கம் கிடக்கிறது. பின்னால் பள்ளம். மரத்தின் உச்சிகள்தான் தெரிகின்றன.

பலகை உடையும் சத்தம் கேட்டது. அண்ணன் மூட்டைகளை உதைத்துத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தார். கட்டையைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். ஒரு முறை வழுக்கியது. மறுபடி கொடுத்தார். லாரி கட்டைமேல் ஏறி, அங்கேயே நின்றது. அவர் கையை எடுக்க நேரம் கிடைக்கவில்லை.

மேற்பார்வையாளன் இறங்கி வந்து பார்த்தான். அதுவரை லாரியில் இல்லாத ஒரு ஆள், மேலெல்லாம் கரி, கை சக்கரத்தின் கீழே. "இவன் யார்?" என்றான். என் வீட்டுக்காரர், "கூலிங்க, கோலா கிளாவாங்ல ஏத்தின ஆளு. பேரு முத்தப்பன்" என்றார். அவன் நம்பவில்லை. உடைந்த பலகையைப் பார்த்தான். பெட்டிக்குள் கிடந்த சாரத்தையும் பார்த்தான். என் வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்தான், இரண்டு பக்கமும். பிறகு பள்ளத்தை எட்டிப் பார்த்தான். லாரி நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் ஒரு முழம்கூட இல்லை. திரும்பி வந்து தன் துண்டை அண்ணன் பக்கம் எறிந்துவிட்டு, ஜாக்கியை எடுக்கச் சொன்னான்.

கோலா கிளாவாங்கில் ஆஸ்பத்திரி டிரசர் விரல்களை எடுத்துவிட்டார். மேற்பார்வையாளன் முத்தப்பன் என்ற பெயரில் ஒரு சீட்டு எழுதி எறிந்தான். கட்டை போடும் ஆளாம். இனி அண்ணன் பெட்டிக்குள் ஒளிய வேண்டியதில்லை. ஆனால் லாரியை விட்டு விலகினால் சுடுவேன் என்று சொல்லியிருக்கிறான். எங்கள் மூன்று பேருக்கும் இப்போது இந்த லாரிதான் பெட்டி.

பால்வெட்டும் கத்தியை இனி அவரால் பிடிக்க முடியாது. அதை நினைத்துத்தான் உங்களுக்கு எழுதாமல் இருந்தேன். அரசைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் மரம் வெட்டுகிறான் என்று சொல்கிறேன். எனக்கு நாக்குக் கூசுகிறது.

விசுவநாதனின் பாஸைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார்களாம். இனி எப்போது எழுத முடியுமோ தெரியவில்லை. நீங்கள் திடமாக இருங்கள்.

பஞ்சாலை

*

கோலா கிளாவாங்
30-9-1945

அன்புள்ள அண்ணிக்குப் பஞ்சாலை கும்பிட்டு எழுதுவது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறீர்கள், அரசிடமிருந்து தகவல் இல்லை என்று விசுவநாதன் வந்து சொன்னார். அவருக்கு வாயில் சர்க்கரை போடலாம் என்றால் இங்கே சர்க்கரை இல்லை. சண்டை முடிந்துவிட்டது. மேற்பார்வையாளன் ஒரு நாள் காலையில் லாரியையும் எங்களையும் விட்டுவிட்டுப் போனவன்தான், திரும்பவில்லை. லாரி இங்கே பசாருக்குப் பின்னால் டயர் இல்லாமல் நிற்கிறது.

அண்ணன் வீட்டுக்குப் புறப்படத் துணியை மடித்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. வாசலில் வந்து அவன் எங்கே என்று உங்களிடம் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நானே சொல்லிவிட்டேன்.

அவர் மடித்த துணியை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி, பழைய பலகைகளுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டார். இப்போது யாரும் தேடவில்லை, அண்ணி. ஆனாலும் அங்கேதான் கிடக்கிறார்.

"அண்ணே, எறங்குங்க. சண்ட முடிஞ்சிருச்சு."

"எறங்கி எங்க போறது?"

"வீட்டுக்குத்தான்."

"என் எடத்துல அவன் போயிருக்கான். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த வீட்டுல ஒக்காந்து சோறு திங்கிறது?"

என் வீட்டுக்காரர் கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். நகரவில்லை. உங்கள் சொல்லைத்தான் கேட்பார். எழுதுங்கள்.

பஞ்சாலை

*

கோலா பிலா
25-11-1945

என் வீட்டுக்காரருக்குச் செல்லம்மா எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? மலைக் குளிரில் கை வலிக்கிறதா? பஞ்சாலையின் கடிதம் வந்தவுடனேயே எழுதியிருப்பேன். சயாமிலிருந்து ஆட்கள் வரப் போகிறார்கள் என்று சொன்னார்கள். அரசு வந்ததும் அவனோடு சேர்ந்தே உங்களுக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

போன வாரம் வந்தார்கள். நம் டிவிஷனில் போனவர்களில் மிச்சமிருந்தவர்கள். கேட்டுக்கு ஓடினேன். இறங்கியவர்களில் யார் யார் என்றே தெரியவில்லை. தலை மட்டும் பெரிதாக, எல்லாருக்கும் ஒரே முகம். ஒவ்வொருவர் தாடையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அரசு இல்லை.

கடைசி வீட்டுச் சந்திரன் அவனோடு ஒரே கொட்டகையில் இருந்தவன். என்னைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான். போன கொஞ்ச நாளிலேயே, மழைக்காலத்தில், கொட்டகையில் பேதி வந்ததாம். "அக்கா, அவன்தான் எங்களுக்கெல்லாம் கஞ்சி ஊத்திக்கிட்டு இருந்தான். மறுநாளு அவனே படுத்துட்டான். ரொம்ப கஷ்டப்படல" என்றான். கடைசியில் சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். நல்ல பிள்ளை, எனக்காகச் சொன்னான்.

"வீட்டப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துலேர்ந்து புது ஆளுங்க வந்து எறங்கினா, வேலைய விட்டுட்டு ஓடுவான்கா. மொதல்ல எங்களுக்குப் புரியல. அப்புறந்தான் சொன்னான், மாமா அதுல இருக்காரான்னு பாக்கப் போறானாம். ஒவ்வொரு வாட்டியும் போயி எல்லா மூஞ்சியயும் பாத்துட்டு, மாமா இல்லன்னதும் சிரிச்சிக்கிட்டே திரும்பி வருவான்."

இதை உங்களுக்கு எழுதாமல் விட்டால் அவனுக்குச் செய்கிற துரோகம். அதனால் எழுதினேன். நீங்கள் பிடிபடவில்லை என்று அவன் ஒவ்வொரு முறையும் சந்தோஷப்பட்டிருக்கிறான். இப்போது நீங்களே போய் ஒரு பெட்டிக்குள் படுத்துக்கொண்டால் அவனுக்கு நான் என்ன சொல்வது?

லயத்து வீடுகளில் எல்லாரும் என்னை அழச் சொல்கிறார்கள். மாரியம்மா என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "அழுதுடு செல்லம்மா, அழுதுடு" என்று முதுகைத் தட்டினாள். எனக்கு வரவில்லை. போக விட்டவளே அழுதால் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று அவள் மடியிலிருந்து எழுந்துவிட்டேன். நீங்களும் அங்கே இப்படித்தான் கிடக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

விசுவநாதன் ஒரு மாட்டுவண்டிக்குச் சொல்லியிருக்கிறார். சிரம்பான் வரைக்கும் மலையிறங்கி வந்துவிட்டால், அங்கிருந்து பஸ் ஓடுகிறது. நான் கேட்டில் வந்து நிற்க மாட்டேன். ஊர் பார்க்க உங்களைப் பார்க்க என்னால் முடியாது. வீட்டுக்குள்தான் இருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு வாருங்கள். சோறு திங்க வேண்டாம், பேசவும் வேண்டாம். பக்கத்தில் வந்து உட்காருங்கள். அவனுக்காக அழ இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தான் பாக்கி. தனியாக எனக்கு முடியவில்லை.

உங்கள்
செல்லம்மா